பதினேழு வயதில் குத்துச்சண்டை தொடங்கலாமா? மேரி கோமின் பயணத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

படுவான்கரைப் பெரியம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகளுக்குப் பதினேழு வயது. உயர்தரத்தில் கலைப் பிரிவில் படிக்கிறாள். பாடசாலையில் நானூறு மீற்றர் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் வலய மட்டம் வரை சென்றவள். கொஞ்சக் காலமாகக் குத்துச்சண்டை பழக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோமும் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் இருந்துதான் குத்துச்சண்டைக்கு வந்தவர் என்பதை வாசித்த பிறகு அந்தக் கேட்பு பிடிவாதமாகிவிட்டது.

என் அம்மா, "முகத்தில் தழும்பு விழுந்த பிள்ளையை யார் கேட்டு வருவார்கள்" என்று கண்கலங்குகிறார். தங்கையின் கணவர் குத்தகைக்கு வயல் செய்பவர். அவர் மறுக்கவில்லை, ஆனால் "இதில் ஒரு பிழைப்பு உண்டா" என்று கேட்கிறார். வீட்டையும் வளவையும் பெண்பிள்ளையின் பேரில் எழுதிக் கொடுக்கும் எங்கள் ஊரில், அந்த வீட்டுக்கு உரியவள் தன் உடம்பை எதில் பழக்க வேண்டும் என்பதை மட்டும் மற்றவர்கள் தீர்மானிப்பது எனக்கு நெடுநாளாகவே ஒப்பாத காரியம். ஆனாலும் விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாமல் பிள்ளையை உந்திவிடவும் எனக்கு மனமில்லை.

ஆகவே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். மேரி கோம் உண்மையிலேயே இந்த வயதில்தான் தொடங்கினாரா? பிள்ளைகள் பெற்ற பிறகும் இத்தனை காலம் அவர் எப்படி நின்றார்? பணப்பரிசுக்காக ஆடாத அமெச்சூர் குத்துச்சண்டையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படி அமையும்? இவற்றைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பேச எனக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

தம்பிலுவில் ஆசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. நீண்ட காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், பெண்கள் குத்துச்சண்டையை ஆர்வத்தோடு பின்தொடர்பவன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு ஆம் என்பதே பதில். மேரி கோம் 1982 இல் மணிப்பூரின் சுராசாந்பூர் மாவட்டத்தில், மற்றவர்களின் நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். அதே மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் 1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் குத்துச்சண்டைத் தங்கம் வென்று திரும்பியபோது அங்கே பல பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை பிறந்தது. அவர்களுள் இவரும் ஒருவர். இம்பாலுக்குச் சென்று பயிற்சியைத் தொடங்கியபோது அவருக்குப் பதினேழு வயதளவு. வீட்டாருக்குச் சொல்லவில்லை. 2000 ஆம் ஆண்டில் மாநிலச் சம்பியனாகிப் பத்திரிகையில் படம் வந்த பிறகே தந்தைக்குச் செய்தி தெரிந்தது. இளமையில் மல்யுத்தம் செய்த அந்தத் தந்தையின் கவலையும் உங்கள் அம்மாவின் கவலைதான்: முகம் காயப்பட்டால் கல்யாணம் நடக்காது என்று அவரும் அஞ்சினார். பின்னர் அவரே மகளின் பக்கம் நின்றார் என்பதையும் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஓட்டமும் எறிதலும் வீணாகவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நானூறு மீற்றர் ஓடுபவருக்கு, மூச்சு முட்டும் நிலையிலும் கால் தளராமல் வேகத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருக்கும். ஈட்டி எறிபவரின் வலிமை தோளில் தொடங்குவதில்லை. பின்காலில் பிறந்து இடுப்பின் திருப்பத்தினூடாகக் கைக்கு வருகிறது. நேராகப் பாயும் பின்கைக் குத்தும் அதே வழியில்தான் வருகிறது. இதனால்தான் மேரி கோம், பழகத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள், 2001 இல் அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரில் நடந்த முதலாவது பெண்கள் உலகச் சம்பியன் போட்டியிலேயே வெள்ளி வெல்ல முடிந்தது என்று நான் நினைக்கிறேன். பெண்கள் குத்துச்சண்டை அப்போது உலகெங்கும் இளம் பருவத்தில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பழகி வருபவர்களோடு உங்கள் பிள்ளை மோத வேண்டியிருக்கும்.

அடுத்ததாக, அவர் எப்படி இவ்வளவு காலம் நின்றார் என்ற கேள்வி. இதற்குப் பலரும் மன உறுதி என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அவருடைய பதக்கங்களுக்குப் பக்கத்தில் எடைப்பிரிவுகளையும் எழுதிப் பார்த்தால் விடயம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்க்ரான்டனில் 48 கிலோ. 2002 இல் துருக்கியின் அந்தாலியாவில் 45 கிலோவில் முதல் தங்கம். 2005 இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்க், 2006 இல் புதுடில்லி, 2008 இல் சீனாவின் நிங்போ ஆகிய மூன்று இடங்களிலும் 46 கிலோவில் தங்கம். இவற்றில் நிங்போவில் வென்றது, 2007 இல் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுத் திரும்பி வந்த பிறகு. 2010 இல் பார்படோஸில் 48 கிலோவில் ஐந்தாவது தங்கம். இவ்வளவும் வென்றவருக்கு ஒலிம்பிக்கில் இடமே இல்லாதிருந்தது; ஏனெனில் 2012 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையே கிடையாது. 2012 இல் இலண்டனில் அது சேர்க்கப்பட்டபோதும் 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவுகள்தான், மொத்தம் முப்பத்தாறு வீராங்கனைகள்தான். அவருக்குப் பழக்கமான 46, 48 கிலோ அங்கே இல்லை.

எனவே முப்பது வயதை நெருங்கும் நேரத்தில், உயரத்திலும் கையின் நீளத்திலும் தன்னை விஞ்சியவர்கள் நிற்கும் 51 கிலோவுக்கு அவர் தன் உடம்பைக் கட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. இலண்டனில் அவருடைய முதல் எதிராளியான போலந்தின் கரோலினா மிகால்சுக், 2008 இல் 54 கிலோவில் உலகச் சம்பியனாக இருந்தவர். அவரை 19–14 என்றும், காலிறுதியில் துனிசியாவின் மரூவா ரகாலியை 15–6 என்றும் வென்று, அரையிறுதியில் பிரித்தானியாவின் நிக்கோலா அடம்ஸிடம் 11–6 என்று தோற்றார். அடம்ஸும் 2008 உலகப் போட்டியில் 54 கிலோவில் வெள்ளி வென்றவர். ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையின் முதல் தங்கத்தையும் அவரே வென்றார். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் கிடைக்கும் என்பதால் மேரி கோம் பதக்கத்தோடு திரும்பினார். என்னைப் பொறுத்தவரை, தன் உடம்புக்குப் பொருந்தாத எடையில் வென்ற அந்த வெண்கலம் அவருடைய உலகத் தங்கங்களில் சிலவற்றை விடவும் கனமானது.

பிறகும் அவர் ஓயவில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பின் 2014 இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் 51 கிலோவில் தங்கம் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முடியவில்லை. 48 கிலோவுக்குத் திரும்பி 2018 இல் பொதுநலவாய விளையாட்டு விழாவிலும், புதுடில்லி உலகப் போட்டியிலும் தங்கம் வென்றார். அது ஆறாவது உலகத் தங்கம். அந்த எண்ணிக்கையை அதற்கு முன் எந்தப் பெண்ணும் எட்டியிருக்கவில்லை. ஒலிம்பிக்கில் 48 கிலோ இல்லாததால் மீண்டும் 51 கிலோவுக்கு ஏறி, 2019 உலகப் போட்டியில் வெண்கலம் வென்று, முப்பத்தெட்டு வயதில் டோக்கியோவுக்குச் சென்றார். அங்கே கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவோடு ஆடிய சண்டையை உங்கள் பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்று சுற்றுகளில் இரண்டில் பெரும்பான்மை நடுவர்கள் மேரி கோமின் பக்கம் நின்றார்கள். இருந்தும் முடிவு 3–2 என்று வலென்சியாவுக்குப் போயிற்று. ஐந்து நடுவர்களும் தனித்தனியே மூன்று சுற்றுகளுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவதால், முதற் சுற்றைப் பெரிதாக விட்டுக்கொடுத்தவர் பின்னிரண்டு சுற்றுகளை எடுத்தாலும் தோற்கலாம். அமெச்சூர் குத்துச்சண்டையில் மணி அடித்த கணத்திலிருந்தே விழித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

ஆரையம்பதி ரசிகன் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு வழிகாட்டும்போது ஆறு முறை உலகச் சம்பியனான ஒருவரை மட்டும் முன்னால் நிறுத்தினால், அந்த உயரத்தை எட்டாதவர்கள் எல்லோரும் தோற்றவர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். நம் நாட்டின் அனுஷா கொடிதுவக்குவையும் அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள். 2018 இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 48 கிலோப் பிரிவின் அரையிறுதியில் மேரி கோமை எதிர்த்து நின்றவர் அவர்தான். ஐந்து நடுவர்களும் மேரி கோமுக்கே கொடுத்தார்கள். ஆயினும் அனுஷா வெண்கலத்தோடு நாடு திரும்பினார். 1938 இல் சிட்னியில் பார்னி ஹென்ரிக்கஸ் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைக் குத்துச்சண்டையில் தேடித் தந்த அந்தப் பழைய விழாவின் தொடர்ச்சியில் ஒரு பெண்ணின் பேரும் ஏறியது என்பது சிறிய காரியம் அன்று.

பிழைப்பைப் பற்றிய தகப்பனாரின் கேள்வி நியாயமானது. அமெச்சூர் சண்டைக்குக் கூலி கிடையாது. மேரி கோமுக்கு மணிப்பூர் காவல்துறையில் பதவி கிடைத்தது. அரச விருதுகளும், 2016 இல் மாநிலங்களவை நியமனமும் வந்தன. எல்லாம் வெற்றிக்குப் பிறகு வந்தவை. அயர்லாந்தின் கேற்றி ரெய்லர் வேறு வழியில் போனார்: 2006 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து உலகத் தங்கங்களையும் இலண்டன் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்று, ரியோவில் தோற்ற பின் 2016 இல் தொழில்முறைக்கு மாறி அங்கேயும் உச்சத்துக்குச் சென்றார். இலங்கையில் தேசிய மட்டத்தில் ஆடுபவர்களில் மிகப் பலர் முப்படைகளையோ பொலிஸையோ சேர்ந்தவர்கள். சம்பளமும் பயிற்சியும் உணவும் அங்கேதான் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நமது பகுதியில் ஒரு குடும்பம் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது அந்தந்த வீட்டின் அனுபவத்தைப் பொறுத்தது. நான் அதில் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இதை அறியாமல் கனவு காணக் கூடாது. உயர்தரப் பரீட்சையைக் கைவிட்டுவிட்டு இதற்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டோக்கியோவுக்கு முன் 51 கிலோவில் தன்னோடு தகுதிச் சண்டை வைக்க வேண்டும் என்று இந்தியாவின் இளைய வீராங்கனையான நிகத் ஸரீன் வெளிப்படையாகக் கேட்டபோது அது பெரிய சர்ச்சையாயிற்று. 2019 டிசம்பரில் அந்தச் சண்டை நடந்தது. மேரி கோம் தெளிவாகவே வென்றார். இருந்தாலும் கேட்டது நிகத்தின் உரிமை என்றே நான் கருதுகிறேன். 2022 இலும் 2023 இலும் அவர் உலகச் சம்பியனானதைப் பார்த்தபோது, எவ்வளவு பெரிய வீராங்கனையானாலும் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்ற என் எண்ணம் இன்னும் வலுப்பட்டது. நாளை உங்கள் பிள்ளைக்கும் தெரிவில் அநீதி நடப்பதாகத் தோன்றினால் இப்படித்தான், பேரைச் சொல்லி, மரியாதையாகக் கேட்க வேண்டும்.

கல்முனை வாசகி எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. எங்கள் உம்மாவுக்கு முகத்தை விட உடுப்பே பெரிய கவலையாக இருந்தது. அதனால் தேடி அறிந்ததை எழுதுகிறேன். 2019 இல் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டை விதிகள் மாற்றப்பட்டு, ஹிஜாபும் உடம்பை முழுவதும் மூடும் உடையும் அணிந்து ஆட அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு முன்னர், இலண்டன் ஒலிம்பிக் நெருங்கிய காலத்தில், ஆண்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காகப் பெண்கள் பாவாடை அணிந்து ஆட வேண்டும் என்ற யோசனை எழுந்து, வீராங்கனைகளின் எதிர்ப்பால் அது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஒருபுறம் மூடாதே என்றும் மறுபுறம் பெண்ணாகத் தெரியும்படி உடுத்து என்றும் சொன்ன விதிகள் இரண்டையும், ஆடிய பெண்கள்தான் பேசி மாற்றினார்கள். காற்சட்டையும் கையில்லாச் சட்டையும்தான் உடை என்று யாராவது உங்கள் பிள்ளையை மறித்தால் இதைச் சொல்லுங்கள்.

பெரியம்மா, நீங்கள் படுவான்கரையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி மாலையில் என்றால் துறையைக் கடந்தோ பஸ் பிடித்தோ இருட்டுக்கு முன் வீடு திரும்புவதே பெரிய பாடாகும். பெண்பிள்ளைகள் பயிற்சியை இடையில் விடுவதற்கு நான் பார்த்த முதற் காரணம் இதுதான். யார் கூட்டிப் போவது, யார் கூட்டி வருவது என்பதை முதல் நாளே வீட்டில் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

வைத்தியசாலைத் தாதி எழுதியது:

உங்கள் அம்மா முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். நான் கவலைப்படுவது மூளையைப் பற்றி. பெண்கள் அமெச்சூர் போட்டிகளில் தலைக்கவசம் அணிகிறார்கள். அது புருவ வெட்டு, நெற்றிக் காயம் போன்றவற்றைக் குறைக்கும். அடி விழும்போது தலை சடுதியாகத் திரும்புவதால் மண்டையோட்டுக்குள் மூளை அதிர்வதை அது தடுக்காது. பெற்றோர் பலரும் கவசம் இருக்கிறது என்று நிம்மதியடைவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதற்காக விளையாட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று என்ற அளவு, அடிபட்டுத் தள்ளாடினால் மத்தியஸ்தர் உடனே நிறுத்தி எண்ணுவது, தலையில் பட்ட அடியால் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாட்களாவது ஓய்வு என்ற விதி ஆகியவை எல்லாம் காப்புக்காகவே இருக்கின்றன. ஆபத்து பெரும்பாலும் போட்டிக்கு வெளியே, பயிற்சிக் களத்தில் வருகிறது. அங்கே வைத்தியரும் இல்லை, எண்ணுவதற்கு ஆளும் இல்லை. பிள்ளைக்கு அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவற்றில் எது இருந்தாலும் அன்றே பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் அதிர்வு ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுவதுதான் உயிருக்கே ஆபத்தானது. வளரும் பிள்ளைகளுக்கு ஆறுவதற்குக் கூடுதல் காலமும் வேண்டும். தொடங்குவதற்கு முன் கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். விழித்திரையில் பலவீனம் இருப்பவர்கள் இந்த விளையாட்டுக்கு வரக் கூடாது.

படுவான்கரைப் பெரியம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. மேரி கோமின் தந்தையும் முகத்தைப் பற்றியே பயந்தார் என்பதை அம்மாவிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, ஆனால் பின்னேரம் "அந்தப் பிள்ளைக்குப் பிறகு கல்யாணம் நடந்ததா" என்று கேட்டார். நடந்தது, 2005 இல், பிள்ளைகளும் உண்டு என்று சொன்னேன். தங்கையின் கணவர், பரீட்சை முடியும் வரை வாரத்தில் இரு நாட்கள் பழகட்டும், அதன் பின் முடிவெடுக்கலாம் என்கிறார்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை இப்போது 55 கிலோ இருக்கிறாள். எடையைக் குறைத்துச் சிறிய பிரிவில் ஆடினால் வெல்வது இலகு என்று சிநேகிதி ஒருத்தி சொன்னதைக் கேட்டு, இரண்டு நாட்களாக இராச்சாப்பாட்டைத் தவிர்க்கிறாள். இது சரியா?

தம்பிலுவில் ஆசிரியர் எழுதியது:

அம்மா, இன்றிரவே அவளைச் சாப்பிட வையுங்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2018 இல் போலந்தில் நடந்த ஒரு போட்டிக்கு மேரி கோம் பின்னிரவில் போய் இறங்கினார். விடிந்ததும் எடை பார்க்க வேண்டும். 48 கிலோவை விட ஏறத்தாழ இரண்டு கிலோ கூடுதலாக இருந்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கயிறடித்து, வியர்த்து, எடையை இறக்கித் தங்கமும் வென்றார். இதைப் பலர் வீரக் கதையாகச் சொல்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகள் தன் உடம்பை அளந்து பழகிய ஒருவர், வேறு வழியில்லாத ஓர் இரவில் செய்த காரியம் அது. வியர்வையாக இறங்கியது முழுவதும் நீர்தான். நீர் குறைந்த உடம்போடு தலையில் அடி வாங்குவது எவ்வளவு கெடுதி என்பதைத் தாதிச் சகோதரி என்னை விட நன்றாகச் சொல்வார்.

உங்கள் பிள்ளைக்கு அந்த அவதியே தேவையில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இருந்த மூன்று பெண்கள் பிரிவுகள் 2024 பாரிஸில் ஆறாகிவிட்டன. அவற்றில் 54 கிலோவும் உண்டு, 57 கிலோவும் உண்டு. 55 கிலோ இருக்கும் ஒரு பிள்ளை 57 கிலோவில், வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு, இயல்பாகவே நிற்கலாம். இன்னும் வளர்ந்தால் 60 கிலோவும் இருக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் இளைஞர் பிரிவில் ஆடுவார்கள், பத்தொன்பதில்தான் பெரியவர்களோடு. ஆகவே முதல் ஆறு மாதமாவது யாரோடும் மோத விடாமல், நிற்கும் நிலை, கால் அசைவு, நேர்குத்து, தற்காப்பு ஆகியவற்றையே பழக்கும் பயிற்றுநராகப் பார்த்துச் சேருங்கள். வந்த முதல் வாரமே பிள்ளைகளை ஒருவரோடொருவர் அடிக்க விட்டு வேடிக்கை பார்க்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டால், அருகில் யார் பழக்குகிறார்கள் என்பதைச் சொல்வார்.

ஈட்டியையும் ஓட்டத்தையும் நிறுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு நாட்கள் குத்துச்சண்டை என்று அவளுடைய தகப்பனார் சொன்னது, இந்தத் தொடக்கத்துக்குப் போதுமானது.